தண்ணீருக்கு ஒரு கணக்கு நோட்டு

கருமத்தம்பட்டி நால்ரோட்டிலிருந்து வடக்கே போனால் அன்னூர், தெற்கே போனால் சோமனூர். எந்தப் பக்கம் திரும்பினாலும் தறிச் சத்தம் கேட்கும். கோடையில் அதோடு ரிக் வண்டியின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்து, 1,000 அடி போர் போட்டும் புழுதிதான் பறந்தது என்று சொல்லும் விவசாயிகள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

அந்தப் புழுதியின் விலையைக் கணக்கிட முனைந்தவர்களில் ஒருவர் பேராசிரியர் கே. பழனிசாமி. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நீர்நுட்ப மையத்தில் இயக்குநராக இருந்த வேளாண் பொருளியலாளர். 1998-ல் பாலசுப்பிரமணியனுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், தமிழ்நாட்டு ஏரி குளங்களையும் தனியார் கிணறுகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார். சொந்தக் கிணறு வந்ததும், குளத்தைத் தூர்வார ஊரோடு கூடி நிற்கும் அக்கறை குறைகிறது. குளம் கெட்டால் கிணற்றுக்கு ஊறும் நீரும் குறைகிறது. 2008-ல் வித்யாவதி, ரங்கநாதன் ஆகியோருடன் எழுதியது கோவை மாவட்டத்துக் கிணறுகளைப் பற்றியே. நிலத்தடி நீர் வற்றுவதால் வரும் செலவுதான் அதன் பொருள். பக்கத்துத் தோட்டக்காரர் ஆழப்படுத்த, நம் கிணறு வற்றுகிறது. அந்த நஷ்டம் அவர் கணக்கில் ஏறுவதில்லை, நம் கடனில் ஏறுகிறது.

இதற்குக் காரணம் காலடியில் இருக்கிறது. கொங்கு மண்ணுக்கு அடியில் இருப்பது பாறை. மேலே சிதைந்து இளகிய சுக்காம்பாறை, அதற்குக் கீழே கெட்டிப்பாறையின் வெடிப்புகள். ஆழம் கூடக் கூட வெடிப்புகள் அருகிப்போகும். சுக்காம்பாறையிலிருந்து வடித்தெடுக்கக்கூடிய நீர் அதன் கனஅளவில் 100-க்கு 2 பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் நமக்குக் கிடைப்பது சுமார் 80,000 லிட்டர். 100 அடியிலிருந்து இறைக்கும் 5 எச்.பி. மோட்டாருக்கு அது ஐந்தாறு மணி நேர வேலை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த மோட்டாருக்கு வழி பிறந்தது 1930-களில், பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தபோது. கவலை இறைத்த மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது. நாட்டுக்கே பம்ப்செட் செய்து தரும் ஊராகக் கோவை வளர்ந்தது. பொறியியல் கல்வியும் அந்தப் பட்டறைச் சூட்டிலேயே வளர்ந்தது. 1945-ல் தொழிலதிபர் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில், அன்றைய ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பொறியியலைக் கையால் செய்து, குறைந்த காலத்தில் கற்க வேண்டும் என்று வாதாடியவர் நாயுடு. இன்று அவிநாசி ரோடு நெடுகக் கல்லூரிகள். பம்பு எவ்வளவு இறைக்கும் என்று சோதனைக்கூடத்தில் துல்லியமாகச் சொல்லும் மாணவருக்கு, விடுதிக் கிணற்றின் நீர்மட்டம் தெரிவதில்லை. அதை மாணவரின் குறையாக நான் கருதவில்லை. பாடத்திட்டம் அவரைக் கிணற்றடிக்கு அனுப்பவில்லை.

அனுப்புவதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுப் போராடிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிவைக்கப்பட்டது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரிநீர் 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியே 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுசேர்க்கும் திட்டம் இது. சராசரி பார்த்தால் குட்டைக்கு 4 கோடி லிட்டர். அத்தனையும் பாறைக்குள் இறங்கினால், அதே 2 பங்குக் கணக்கில், சுமார் 500 ஏக்கருக்கு நீர்மட்டம் ஒரு மீட்டர் உயரும். வெயில் குடித்தது போக, அடிவண்டல் தடுத்தது போக, உண்மையில் எவ்வளவு இறங்குகிறது? குட்டையைச் சுற்றியுள்ள கிணறுகளை அளந்தால்தான் தெரியும்.

ஒவ்வொரு கல்லூரியும் பக்கத்துக் குட்டை ஒன்றைத் தத்தெடுக்கட்டும். இருபது கிணறு, ஒரு டேப், ஒரு நோட்டு போதும். மழைக்கு முன் ஒரு தடவை, மழை ஓய்ந்து தையில் ஒரு தடவை, இறுதியாண்டு மாணவர்கள் போய் அளக்கட்டும். இந்த வருடத்து நோட்டை அடுத்த வருடத்துப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கட்டும். தோட்டக்காரரிடம் முதல் நாளே சொல்லி, மோட்டாரை ராத்திரி முழுக்க நிறுத்தச் சொல்ல வேண்டும். கிணறு ஊறி நின்ற பிறகு, விடிகாலையில், யாரும் சுவிட்சைப் போடுவதற்கு முன் டேப்பை இறக்க வேண்டும்.