மறுத்துப் பேசும் நட்பு

1910-ல் எடின்பரோ நகரில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா பேச எழுந்தார். மேலைநாட்டு மிஷனரிகளின் தியாகத்தை அவர் நன்றியோடு ஏற்றுக்கொண்டார். ஆனால் தியாகம் மட்டும் போதாது, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டார். சபையில் பலருக்கு அது உறுத்தியது. இரண்டு ஆண்டுகளில் அவர் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. கொடுக்கும் கைக்கும் வாங்கும் கைக்கும் இடையே நட்பு சாத்தியமா என்ற அவருடைய கேள்விக்கு அந்தத் திருச்சபை விடை தேட அரை நூற்றாண்டு பிடித்தது. 1963-ல் டொராண்டோவில் கூடிய ஆங்கிலிக்கன் மாநாடுதான், கொடுக்கும் சபை, வாங்கும் சபை என்ற பிரிவினையே தவறு, பொறுப்பு இருதரப்புக்கும் உரியது என்று அறிவித்தது. இன்று ஒரு நாட்டுத் திருமண்டலம் இன்னொரு கண்டத்துத் திருமண்டலத்தோடு தலைமுறைக் கணக்கில் உறவு பேணும் வழக்கம் வேர்விட்டதற்கு இந்த அறிவிப்பு பெரிய தூண்டுதல்.

அப்படிப்பட்ட உறவுகளில், தெற்கு இங்கிலாந்தின் சாலிஸ்பரி திருமண்டலத்துக்கும் சூடான் திருச்சபைக்கும் 1970களின் தொடக்கத்தில் ஏற்பட்ட இணைப்பு கூர்ந்து பார்க்கத்தக்கது. அது தொடங்கிய சூழல் முக்கியமானது. 1964-லேயே சூடான் அரசு தென்பகுதியிலிருந்து வெளிநாட்டு மிஷனரிகளை வெளியேற்றிவிட்டது. உள்நாட்டுப் போருக்கு நடுவே சபையைக் காத்தவர்கள் உள்ளூர் ஆயர்களும் ஊழியர்களும்தான். 1972-ல் அடிஸ் அபாபா உடன்படிக்கை போரை நிறுத்தியபோது, சாலிஸ்பரிக்காரர்கள் சந்தித்தது சொந்தக் காலில் நிற்கப் பழகியிருந்த ஒரு சபையை. மேற்பார்வை பார்க்க அங்கே அவர்களுக்கு இடமே இருக்கவில்லை. 1976-ல் வெறும் 4 திருமண்டலங்களோடு தனித் திருச்சபை மாகாணமான அந்தச் சபை, 1983-ல் மூண்டு 2005 வரை நீடித்த இரண்டாம் போரின் அழிவுக்கு நடுவிலும் வளர்ந்தது. அந்த ஆண்டுகள் முழுவதும் உறவு அறுபடவில்லை. மருந்து அனுப்புவது, சிற்றூர் மருத்துவ நிலையங்களுக்குத் துணை நிற்பது, செவிலியருக்கும் மருத்துவப் பணியாளருக்கும் பயிற்சிக்கு உதவுவது என்று அது நடைமுறைக் காரியங்களில் ஊன்றியிருந்தது.

பணமும் மருந்தும் ஒரே திசையில்தானே போகின்றன, இதை நட்பு என்பது காலனிய ஆதிக்கத்துக்குப் பூசிய சாயம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. வசதியில் இரு தரப்புக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளில் அது மறையவில்லை. ஆனால் ஓர் உறவு அடிமைத்தனமா இல்லையா என்பதை அறிய எனக்குத் தெரிந்த நல்ல சோதனை, வாங்குபவரால் மறுத்துப் பேச முடிகிறதா என்பதே. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் கேன்டர்பரிப் பேராயர் ஜஸ்டின் வெல்பி, போப் பிரான்சிஸுடன் சமாதானப் பயணமாக, சூடானிலிருந்து பிரிந்த தென்சூடானின் தலைநகர் ஜூபாவுக்குச் சென்றார். அடுத்த வாரமே, ஒருபாலினத் தம்பதிகளை ஆசீர்வதிக்கும் ஜெபங்களுக்கு இங்கிலாந்துச் சபையின் பொதுப் பேரவை ஆதரவளித்தது. அந்த மாதம் 20-ஆம் தேதி, வெல்பியின் முதன்மையை இனி ஏற்க இயலாது என்று உலகின் தென்பகுதி நாடுகளின் பேராயர்கள் பலர் அறிக்கை விட்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் தென்சூடான் தலைமைப் பேராயர் ஜஸ்டின் பாடி. அவருடைய நிலைப்பாட்டை ஏற்பதும் மறுப்பதும் வேறு விஷயம். அரை நூற்றாண்டு உதவி அவர் வாயைக் கட்டவில்லை என்பதே இங்கே சான்று.

இவ்வளவு கருத்து முரண்பாட்டுக்குப் பிறகு உறவைத் தொடர்வது போலித்தனம் இல்லையா என்று இரு தரப்பிலுமே கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2022-ல், உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாட்டுக்கு நைஜீரியா, உகாண்டா, ருவாண்டா பேராயர்கள் வரவே மறுத்தார்கள். தென்சூடான் பேராயர்கள் வந்து, திருவிருந்தில் பங்குபெறாமல் விலகி நின்று, விவாதத்தில் மட்டும் கலந்துகொண்டார்கள். இறையியல் சண்டை தலைமைகளுக்கு இடையில் நடக்கிறது. திருமண்டல உறவோ, ஒருவருக்காக ஒருவர் பெயர் சொல்லி ஜெபிக்கும் சாதாரண சபையாரிடம் இருக்கிறது. அதற்கு எல்லாவற்றிலும் ஒத்த கருத்து முன்நிபந்தனையாக இருந்ததில்லை. சாலிஸ்பரி இணைப்பு இன்றும் தொடர்கிறது. 2011-ல் நாடு பிரிந்து, 2017-ல் சூடான் தனித் திருச்சபை மாகாணமானதால், இப்போது அது இரண்டு சபைகளோடான உறவு. 2023 ஏப்ரலில் கார்ட்டூமில் வெடித்த போர் அங்கிருந்த சபையைச் சிதறடித்து, தலைமைப் பேராயர் எசேக்கியேல் கோண்டோவையும் போர்ட் சூடானுக்கு இடம்பெயர வைத்தது. உலகச் செய்திகளில் அந்தப் போருக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. அதனால், பழைய உறவின் பேரில் விசாரித்துக்கொண்டே இருக்கும் சிலரை அந்த மக்கள் இழந்துவிடக் கூடாது.