பென்ஷனுக்கு உயில் செல்லாது!

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கணவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏதோ மனஸ்தாபத்தில், 'எல்லாம் என் தம்பிக்கே' என்று உயில் எழுதி வைத்துவிட்டு, காலமாகி விட்டார். காரியம் முடிந்ததும் கொழுந்தனார், 'பென்ஷனும் எனக்குத்தான் அண்ணி...' என்று சொல்ல, அக்கா இடிந்து போய் விட்டார்.

விஷயத்தை, அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற என் மாமனாரிடம் சொன்னேன்.

'அழ வேண்டாம்னு சொல்லும்மா... இதே மாதிரி, ஒரு ரயில்வே ஊழியரோட தம்பி உயிலைக் காட்டி உரிமை கேட்டாரு. குடும்ப பென்ஷன், மனைவி, மக்களுக்காக விதிப்படி தர்றது. அது ஊழியரோட சொத்து இல்ல. அதை உயில் எழுத முடியாதுன்னு, 1991ல, வயலட் ஐசக் வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு...' என்றார்.

மறுநாளே அக்காவை அழைத்துப் போய், இறப்புச் சான்றிதழ், பென்ஷன் ஆர்டர் நகலோடு மனு கொடுக்க வைத்தேன். இப்போது, மாதாமாதம் அவர் கணக்கிலேயே பணம் வருகிறது.

தோழியரே... கணவரின் பென்ஷன் ஆர்டரில், உங்கள் பெயர், பிறந்த தேதி சரியாக உள்ளதா என்று இன்றே பாருங்கள். 'அதெல்லாம் அவர் பார்த்துப்பார்' என்று, சும்மா இருந்து விடாதீர்கள்!

— ஒரு வாசகி, பம்மல்.