அடுப்பு ஏறாத சிரப்

விஸ்கி என்றதும் குளிர்காலம்தான் நினைவுக்கு வருகிறது. கணப்பு, கம்பளி, கையில் ஒரு தடித்த கண்ணாடி கிளாஸ் என்று சினிமாக்காரர்கள் நம்மைப் பழக்கிவைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அந்த ஊர் விஸ்கியான போர்பனை வளர்த்தெடுப்பதே வெயில்தான்.

போர்பன் என்று பெயர் போட அங்கே சட்டம் இருக்கிறது. ஊறலில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம்புதிய ஓக் மரக்கலத்தில்தான் அதை ஊற வைக்க வேண்டும். கோடையில் அந்தக் கிடங்குகள் கொதிக்கும்போது சரக்கு விரிந்து மரத்துக்குள் ஏறுகிறது. குளிரில் சுருங்கி வெளியே வரும்போது வனிலா வாசனையையும் கேரமல் நிறத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. மே மாதம் முதல் சனிக்கிழமை லூயிவில் நகரில் நடக்கும் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்துக்கு வருகிறவர்கள், போர்பனும் புதினாவும் சர்க்கரையும் பொடித்த ஐஸும் சேர்ந்த மின்ட் ஜூலெப்பைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். இரண்டு நாளில் ஏறத்தாழ 1,20,000 கிளாஸ் போகிறதாம்.

இந்தக் கோடைக் குடிகளுக்கு வழி செய்தது ஐஸ். பாஸ்டன் நகரத்து ஃப்ரெடெரிக் டியூடர் உறைந்த ஏரிகளை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி விற்றவர். முதல் சரக்கு 1806இல் மார்டினிக் தீவுக்குப் போனது. பிறகு சார்ல்ஸ்டன், சவானா, நியூ ஆர்லியன்ஸ் என்று அமெரிக்கத் தென்பகுதி நகரங்களுக்கெல்லாம் பரவியது. மதுக்கடைக்காரர்களுக்கு முதலில் இலவசமாக ஐஸ் கொடுத்து, சில்லென்ற குடிக்கு வாடிக்கையாளர்களைப் பழக்கிவிடுவது அவருடைய வியாபாரத் தந்திரம். அதே டியூடரின் ஐஸ்தான் மெட்ராஸுக்கும் வந்து இறங்கியது. மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் பார்க்கும் கட்டடம், 1842இல் அந்த ஐஸைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்.

ஐஸ் வந்தாயிற்று, நாம் செய்யப்போகும் பானத்தில் சேரும் பீச் பழம் எங்கிருந்து வந்தது? அதன் பூர்வீகம் சீனா. ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து ஊன்ற, அமெரிக்கத் தென்பகுதி மண்ணில் அது காடாகப் பரவியது. ஜெர்ரி தாமஸ் 1862இல் வெளியிட்ட மதுக்கலவைப் புத்தகத்திலேயே பீச் பிராந்தி சேர்த்த ஜார்ஜியா ஜூலெப் இருக்கிறது. ‘விஸ்கி ஸ்மாஷ்’ என்ற எளிய பானமும் அதில் உண்டு. நம்முடைய பீச் பானம் அந்த ஸ்மாஷின் ஒன்றுவிட்ட தம்பி.

பீச்சும் போர்பனும் ஒத்துப்போவதற்கு வேதியியலிலும் ஒரு காரணம் சொல்லலாம். பீச்சின் மணத்துக்கு முக்கியமான பொருள்கள் லாக்டோன்கள். ஓக் மரத்திலிருந்து விஸ்கியில் இறங்குகிறவற்றிலும் லாக்டோன் வகை ஒன்று இருக்கிறது. வாயில் வைத்தால் எது பழம், எது மரம் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஓர் இடம் வருகிறதே, அது இந்த உறவால்தான் என்பது என் ஊகம்.

இனி அதற்கான பீச் சிரப். இணையத்திலும் புத்தகங்களிலும் பெரும்பாலோர் பழத்தைச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விடச் சொல்கிறார்கள். நான் அதற்கு எதிர்க்கட்சி. கொதித்த பீச்சில் ஜாம் வாசனைதான் மிஞ்சும். பழத்தின் பச்சை மணம் ஆவியோடு போய்விடும், சமையலறை மட்டும் கமகமக்கும். அடுப்பே வேண்டாம். நன்றாகக் கனிந்த அரைக் கிலோ பீச்சை, மேலே இருக்கும் சுணை போகத் தேய்த்துக் கழுவி, தோலோடு மெல்லிய துண்டுகளாக நறுக்குங்கள். தோலைச் சீவிவிடாதீர்கள், சிவப்பு நிறம் அதில்தான் இருக்கிறது, மணத்திலும் பெரும்பங்கு அதில்தான். கொட்டையைத் தூக்கிப் போடுங்கள். அதை உடைத்துப் பருப்பைச் சேர்த்தால் பாதாம் மணம் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பருப்பிலிருந்து சயனைடு உண்டாகும்.

துண்டுகளின் மேல் 400 கிராம் சர்க்கரையைத் தூவி, பாதி எலுமிச்சையைப் பிழிந்து பிரட்டி, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். எலுமிச்சைச் சாறு பீச் கறுக்காமல் தடுக்கும். மீதி வேலையைச் சர்க்கரை பார்த்துக்கொள்ளும்: பழத்துக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்து அதிலேயே கரையும். நடுவில் ஓரிரு முறை கிளறிவிட்டால் போதும். மறுநாள் காலையில் பாத்திரத்தில் இளஞ்சிவப்பாகப் பாகு நிற்கும். அடியில் சர்க்கரை தங்கியிருந்தால் இரண்டு கரண்டி வெதுவெதுப்பான நீர் விட்டுக் கலக்குங்கள். வடிகட்டும்போது பிழியக் கூடாது, பிழிந்தால் கலங்கிவிடும். சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கொதிக்காத பாகு அதற்கு மேல் நம்பத்தக்கதில்லை.

கலப்பதற்கு அதிக நேரம் ஆகாது. ஷேக்கரில் ஏழெட்டுப் புதினா இலை. லேசாக அழுத்தினால் போதும், நசுக்கினால் கசக்கும். அதில் 45 மில்லி போர்பன், 20 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சிரப். ஷேக்கர் நிறைய ஐஸ் போட்டு, வெளிப்புறம் பனி பூக்கும்வரை ஓங்கிக் குலுக்குங்கள். இப்படிக் குலுக்கும்போது உருகிச் சேரும் தண்ணீரும் இந்தப் பானத்தின் ஒரு சரக்குதான். அது இல்லாவிட்டால் நாக்கில் ஒட்டும். புது ஐஸ் போட்ட கிளாஸில் வடிகட்டி, மேலே கொஞ்சம் சோடா.

பார்களில் 60 மில்லி ஊற்றுவார்கள். நான் 45இல் நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. 40 சதவீத மதுவில் 45 மில்லி என்றால் சுமார் 14 கிராம் ஆல்கஹால். அமெரிக்கக் கணக்கில் ஒரு முழுப் பானம். பழமும் புளிப்பும் சேர்ந்து விஸ்கியின் காரத்தை மறைத்துவிடுவதால் இரண்டாவது கிளாஸ் எப்போது முடிந்தது என்றே தெரியாது. போர்பன் கிடைக்காதவர்கள் எந்த விஸ்கியிலும் செய்து பார்க்கலாம், ஸ்காட்லாந்தின் புகை மணம் வீசும் வகைகளைத் தவிர. அந்தப் புகை பீச்சை விழுங்கிவிடும்.

கோடையில் கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் பீச் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். புளிப்பான பழம் மாட்டினால் எலுமிச்சையைக் குறைத்துக்கொள்ளுங்கள். குடிக்காதவர்களுக்கும், வண்டி ஓட்ட வேண்டியவருக்கும் அதே சிரப், எலுமிச்சை, புதினா, கிளாஸ் நிறைய சோடா. சர்க்கரையில் ஊறிச் சுருங்கிய துண்டுகளை வீணாக்க வேண்டாம். வனிலா ஐஸ்கிரீமின் மேல் போட்டுக் குழந்தைகளிடம் கொடுத்துவிடுங்கள். இந்த விருந்தில் நல்ல பங்கு அவர்களுக்குத்தான்.