குப்பை குறைந்தால் நோய் குறையும்: மொன்றியல் சொல்லும் பாடம்

கனடாவின் மொன்றியல் நகரில், சான்-மிஷெல் பகுதியில் ஃபிரெடெரிக் பாக் பூங்கா இருக்கிறது. பரந்த புல்வெளி, சைக்கிள் பாதை, ஓடித் திரியும் பிள்ளைகள். புல்லுக்கு நடுவே ஆங்காங்கே பெரிய வெள்ளை உருண்டைகள் தெரியும். புதிதாகப் போகிறவர்கள் அவற்றைச் சிற்பங்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அவை கிணற்று மூடிகள். அந்தக் கிணறுகள் இழுப்பது தண்ணீரை அல்ல. அடியில் அழுகிக்கொண்டிருக்கும் குப்பையிலிருந்து கிளம்பும் வாயுவை.

4 கோடி டன் புதைந்த பள்ளம்

அந்த இடம் முன்பு மிரோன் சுண்ணாம்புக்கல் குவாரி. 192 ஹெக்டேர் பரப்பு. நகரம் கட்டக் கல்லும் சிமெண்டும் கொடுத்த பள்ளத்தில் 1968 முதல் குப்பை கொட்டினார்கள். மொத்தம் ஏறக்குறைய 4 கோடி டன். நாற்றமும் தூசியும் லாரி இரைச்சலும் பொறுக்காமல் அக்கம்பக்கத்து மக்கள் போராடினார்கள். 1980களில் மாநகராட்சி குவாரியைத் தன் வசம் எடுத்தது. அழுகும் குப்பை கொட்டுவது 2000இல் நின்றது. வாயு மட்டும் இன்னும் நிற்கவில்லை.

அந்தச் சுற்றுவட்டாரத்து மக்களின் உடல்நலத்தை ஆராய்ந்த ஆய்வுகள் 1995இல் வெளியாயின. பள்ளத்துக்கு மிக அருகில் வசித்த தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆண்களிடம் இரைப்பை, கல்லீரல், நுரையீரல் புற்றுநோய்கள் சற்று அதிகமாகக் காணப்பட்டன. புகைப்பழக்கம் போன்ற பிற காரணங்களை முழுமையாகப் பிரித்தறிய முடியாததால், குப்பையே காரணம் என்று ஆய்வாளர்கள் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் கர்ப்பிணி ஒருத்தி மூச்சுவிடும் காற்று விஷயத்தில், முடிவான சாட்சி கிடைக்கும்வரை காத்திருப்பது நியாயமில்லை.

குப்பையின் கேடு நம்மை எப்படி எட்டுகிறது?

காற்றுப் புகாத ஆழத்தில் உணவுக் கழிவு அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வலுவானது. கூடவே வரும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்; தலைவலி, குமட்டல், தூக்கக்கேடு தரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் சிரமம். மழைநீர் குப்பைக்குள் இறங்கினால், பேட்டரியின் உலோகங்களையும் வீசியெறிந்த மருந்துகளையும் கரைத்துக்கொண்டு கழிவுநீராகக் கசியும்.

எரித்துவிடலாம் என்றால் அதுவும் தீர்வாகவில்லை. ரோஸ்மோன் பகுதியில் இருந்த எரியூட்டு ஆலை 1993இல் மூடப்பட்டது. இன்று நகரக் குப்பையில் கணிசமான பங்கு மொன்றியல் தீவுக்கு வெளியே, டெர்போன் நகரத்தின் லஷனே பக்கமுள்ள புதைகுழிக்குப் போகிறது. நம் கண்ணுக்கு மறைந்தது வேறொருவர் வீட்டருகே மலையாகிறது.

ஏன் இப்படிப் பெருகுகிறது?

முதல் காரணம் உணவு. கனடாவில் ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 140 கிலோ உணவை எறிகிறது என்று 2017இல் கணக்கிட்டார்கள். வீட்டு உணவுக் கழிவில் 63 சதவீதம் சாப்பிட்டிருக்கக்கூடியது. மலிவு விலை என்று மூட்டையாக வாங்குகிறோம். பொட்டலத்தில் ‘இந்தத் தேதிக்குள் சிறந்தது’ என்று இருந்தால் அது ருசிக்கும் தரத்துக்குமான தேதி. மறுநாளே உணவு நஞ்சாகிவிடும் என்று பொருள் அல்ல. அதைப் புரியாமல் எத்தனை தயிர், எத்தனை பாண்!

இரண்டாவது, சீக்கிரம் கிழியும் உடுப்பு, பழுதுபார்க்க முடியாத கருவி, வாசலுக்கு வந்து விழும் பார்சல் பெட்டிகள். மூன்றாவது, மொன்றியலின் ஜூலை 1. வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை அதற்கு முதல் நாள் முடிவதால், ஊரே ஒரே நேரத்தில் வீடு மாறுகிறது. நடைபாதையெங்கும் சோபாவும் மெத்தையும் குவிகின்றன.

நாம் செய்யக்கூடியவை

* வாங்குவதைக் குறையுங்கள். கடைக்குப் போகுமுன் குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள். மறுசுழற்சி நல்லதுதான், ஆனால் வீட்டுக்குள் வராத பொருளுக்கு மறுசுழற்சியே தேவையில்லை.

* உணவுக் கழிவுக்கென மாநகராட்சி தரும் பழுப்புத் தொட்டியைப் பயன்படுத்துங்கள். காய்த்தோல், தேயிலைச் சக்கை, மிஞ்சிய சோறு, எலும்பு எல்லாம் அதில் போடலாம். பிளாஸ்டிக் பை மட்டும் கூடாது. மீன் செதிலையும் இறால் கோதையும் பழைய செய்தித்தாளில் சுற்றி உறைபெட்டியில் வைத்து, லாரி வரும் நாளில் வெளியே எடுத்தால் நாற்றமும் இல்லை, புழுவும் இல்லை, எலியும் அண்டாது.

* மருந்தைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். காலாவதியான மாத்திரைகளை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுக்கலாம். இன்சுலின் ஊசியை ஒருபோதும் குப்பைப் பையில் போட வேண்டாம். துப்புரவுத் தொழிலாளியின் கையில் ஏறும். அதற்கான பெட்டியை மருந்துக்கடையில் கேளுங்கள்.

* பேட்டரி, பெயின்ட், பழைய போன் ஆகியவற்றை மாநகராட்சியின் கழிவு சேகரிப்பு மையமான எக்கோசென்டருக்குக் கொண்டுபோங்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் குப்பை லாரியே தீப்பிடிக்கலாம்.

* தெருவில் கிடக்கும் மெத்தையை எடுக்காதீர்கள். புதிதாகக் குடியேறிய குடும்பத்துக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் அதோடு மூட்டைப்பூச்சியும் வரலாம். அரிப்பும் உறக்கமின்மையும் மாதக்கணக்கில் நீளும். பூச்சி பிடித்த மெத்தையை நீங்கள் வெளியே வைத்தால், பிளாஸ்டிக்கில் சுற்றி, பூச்சி இருப்பதை அதன்மேல் எழுதி ஒட்டுங்கள்.

* விசேஷங்களில் எறியும் தட்டுகளைத் தவிருங்கள். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, கோயில் அன்னதானம் எதுவானாலும் கழுவிப் பயன்படுத்தும் தட்டு போதும். மிஞ்சும் சாப்பாட்டைக் கொண்டுபோக விருந்தினரிடமே டப்பா எடுத்துவரச் சொல்லலாம்.

சட்டமும் நாமும்

கடைகளில் பிளாஸ்டிக் பை கொடுப்பதை 2022 செப்டம்பரில் மொன்றியல் முழுமையாகத் தடை செய்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2023 மார்ச்சில் தடை வந்தது. 2030க்குள் கழிவில் 85 சதவீதத்தைப் புதைகுழிக்குப் போகாமல் திருப்புவது நகரத்தின் இலக்கு. இந்த இலக்கைச் சட்டம் மட்டும் எட்டிவிடாது. தயாரிப்பவர் பொட்டலத்தைக் குறைக்க வேண்டும். கட்டட உரிமையாளர் தொட்டிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் நாம் பிரித்துப் போட வேண்டும்.

உங்கள் அடுக்குமாடிக்குப் பழுப்புத் தொட்டி இன்னும் வரவில்லையா? மாநகராட்சியின் 311 எண்ணை அழைத்துக் கேளுங்கள். பிரெஞ்சு பேசத் தயங்கும் பெரியவர்களுக்காகப் பிள்ளைகள் பேசிக் கொடுக்கட்டும். சுத்தமான காற்று நம் எல்லோரின் உரிமை. அதைக் கேட்டுப் பெறுவதும் காப்பதும் நம் பொறுப்பு.