கொத்து கலைந்தால் தாளம் தப்பும்

ரவீந்திர சங்கீதத்தைக் கம்ப்யூட்டரில் அச்சுக்குத் தயார் செய்பவர்களுக்குச் சின்ன ஸ்வரங்கள்தான் பெரிய சவால்

மாத்திரைக்கு ஒரு ஸ்வரம் என்றால் அச்சடிப்பதில் கஷ்டமே இல்லை. ஒரே மாத்திரையில் இரண்டு, நான்கு ஸ்வரங்கள் நெருக்கியடிக்கும்போதுதான் தொல்லை ஆரம்பம். எவை ஒரு கொத்து, அடுத்த தட்டு எங்கே விழுகிறது என்பது பாடுபவருக்குப் பார்த்தவுடனே தெரிய வேண்டும். மேற்கத்திய இசைத்தாளில் இதற்காகச் சிறு ஸ்வரங்களின் காம்புகளைத் தடித்த பட்டையால் இணைக்கிறார்கள். கர்நாடக இசைப் புத்தகங்களில் இரண்டாம் காலத்துக்கு எழுத்துகளின் மேல் ஒரு கோடு, மூன்றாம் காலத்துக்கு இரண்டு கோடு.

வங்காளிகளின் வழி வேறு. தாகூரின் மூத்த அண்ணன் த்விஜேந்திரநாத் தொடங்கி, இன்னொரு அண்ணன் ஜோதிரிந்திரநாத் செம்மைப்படுத்திய 'ஆகார மாத்ரிக்' முறையில் துணைக்கால்தான் மாத்திரைக் கணக்கு. 'ஸா ரா' என்றால் இரண்டு மாத்திரை. 'ஸரா' என்றால் ஒரே மாத்திரையில் இரண்டு ஸ்வரம். 'ஸரகமா' என்றால் நான்கு. பட்டையும் இல்லை, கோடும் இல்லை. சேர்த்து எழுதிக் கடைசியில் ஒரு கால், அவ்வளவுதான்.

கொல்கத்தாவில் விஸ்வபாரதியின் பதிப்புத் துறை வெளியிடும் 'ஸ்வரபிதான்' வரிசையின் அறுபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளும் இந்த முறையில்தான். தாகூர் படைப்புகளின் காப்புரிமை 2001 இறுதியில் முடிந்தது. இப்போது அந்தப் பாடல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். கம்ப்யூட்டர் இருந்தால் போதும் என்று இறங்குபவர் மாட்டிக்கொள்ளும் இடம் இந்தக் கொத்துகள்தான்.

மந்திர ஸ்தாயி ஸ்வரத்துக்கு அடையாளம், எழுத்தின் கீழே ஹசந்தம். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி செய்யும் வேலையை வங்காளத்தில் செய்யும் குறி அது. மந்திர நிஷாதமும் மத்ய ஷட்ஜமும் ஒரே மாத்திரையில் அடுத்தடுத்து வந்தால், மெய்யெழுத்து என்று நினைத்து இரண்டையும் கூட்டெழுத்தாகப் பிணைத்துவிடுகிறது கம்ப்யூட்டர். ஸ்தாயிக் குறி காணாமல் போகிறது. நடுவே, கண்ணுக்குத் தெரியாத 'சேராதே' குறியீடு ஒன்றைத் தட்டினால்தான் இரண்டும் தனித்தனியே நிற்கும்.

மேற்கத்திய முறைக்கு மாற்றினாலும் தப்ப முடியாது. வரிக்கு எட்டு சிறு ஸ்வரம் என்றால் பெரும்பாலான மென்பொருள்கள் நான்கு நான்காகப் பட்டை கட்டும். தாகூர் கையாண்ட 'ரூபகடா' தாளத்தின் எட்டோ 3+2+3. ஆறு மாத்திரையிலும் இதே கதை: தாத்ரா 3+3, ஷஷ்டி 2+4. கணக்கை மனிதர்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தாகூரின் 2,000-க்கும் மேற்பட்ட பாடல்களில் மெட்டு அவர் அமைத்தபடியே இருக்க வேண்டும் என்பதில் ரசிகர்கள் கறார். கொல்கத்தாவில் படிப்பவரைத் திருத்த அடுத்த தெருவிலேயே ஆசிரியர் கிடைப்பார். தொலைதூர ஊரில் புத்தகத்தை மட்டும் நம்பிக் கற்பவருக்கு அந்தக் கொத்துதான் குரு. அது பிழையானால் பாட்டும் பிழை.

ஆகவே இந்தப் புத்தகங்களுக்குப் புரூஃப் பார்ப்பவருக்குக் கண் மட்டும் போதாது. தொடையில் தாளம் போட்டபடி பார்க்க வேண்டும்.