பெயரால் வந்த பழி

லக்சாவில் மணக்கும் டாவுன் கெசும் இலையை அறியாதவர் நம்மிடையே குறைவு. அதன் தண்டை உற்று நோக்கினால் ஒவ்வொரு கணுவும் சற்றுப் பருத்து, மெல்லிய உறை போர்த்தியிருக்கும். அக்கணுக்களே அதன் குடும்ப அடையாளம். ஆங்கிலேயர் 'நாட்வீட்', அதாவது முடிச்சுக்களை, என்று பெயரிட்டதும் அதனால்தான்.

அக்குடும்பத்து மலைச்செடி ஒன்று பிஸ்டோர்டா அஃபினிஸ். இமயமலையில் ஏறத்தாழ 3,000 மீட்டருக்கு மேல், பாறைச் சரிவுகளில் தரையோடு படர்கிறது. உயரம் ஒரு சாண்தான். நேபாளத் தாவரங்கள் பற்றி 1825இல் வெளிவந்த நூலில் டேவிட் டான் இதை விவரித்தார். பூக்கதிர் இளஞ்சிவப்பாய் மலர்ந்து, நாளாக ஆக அடர்சிவப்பாகும். குளிர்காலத்தில் இலைகள் செம்பழுப்பாகிச் செடியிலேயே தங்கும். பிரிட்டிஷ் தோட்டக்காரர்கள் 'டார்ஜிலிங் ரெட்' என்ற வகையை விரும்பி நடுவது இந்த நிறமாற்றத்துக்காகவே.

ஆயினும் 'நாட்வீட்' என்றதும் பலர் அஞ்சுகின்றனர். காரணம் ஜப்பானிய உறவினர். அதுவும் எரிமலைச் சரிவுகளில் வளர்வதே. அழகுச்செடியாகவே ஐரோப்பாவுக்குச் சென்றது. நிலத்தடித் தண்டின் சிறு துண்டு போதும், மீண்டும் முளைத்துவிடும். பிரிட்டனில் அதைக் காட்டுவெளியில் வளரவிடுவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது முளைத்த வீட்டுக்குக் கடன் கிடைப்பதே சிரமம்!

டார்ஜிலிங் ரெட்டும் படரும்தான். ஆனால் வேர் மேலோட்டமானது. மிஞ்சியதைக் கையால் பிடுங்கிவிடலாம். இதனால் இமயத்துச் செடிகளெல்லாம் சாது என்று எண்ணிவிட வேண்டா. ஆளுயரம் வளரும் கோனிகியா பாலிஸ்டாக்கியாவும் இமயத்ததே; 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் சேர்த்தது. எனவே நாற்று வாங்குவோர் கேட்க வேண்டியது தாவரவியல் பெயரை.