கட்டைப் பிரிச்சுப் பாருங்க: கஜகஸ்தான் போக ஒரு பட்ஜெட்

காதர்பேட்டையில டி-ஷர்ட் வாங்குறப்போ கட்டைப் பிரிச்சு, தையல், சைஸ், கறை எல்லாம் பார்த்துட்டுத்தான் காசு கொடுப்போம். அதே நாம, "5 நாள் வெளிநாடு, ஈஎம்ஐ உண்டு"ன்னு விளம்பரம் வந்தா, எதையும் பிரிச்சுப் பார்க்காம பணம் கட்டிடுறோம்.

2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50% வரி போட்டப்போ திருப்பூர் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆர்டர் குறைஞ்சா சம்பளம் தள்ளிப்போகலாம், ஈஎம்ஐ தள்ளிப்போகாது. அதனால மூணு மாசச் செலவுக்கான பணத்தைத் தனியா வெச்சுட்டு, அப்புறம் டூர் பத்தி யோசிங்க.

உதாரணத்துக்கு கஜகஸ்தான். 2022 ஜூலையில இருந்து இந்தியர்களுக்கு 14 நாள் வரை விசா வேண்டாம். அல்மாட்டி நகரத்தை ஒட்டியே பனிமலை. செலவு 80,000 ரூபாய்னு வெச்சுப்போம். மாசம் 8,000 ஆர்.டி. போட்டா 10 மாசத்துல கடனில்லாம சேர்ந்துடும்.

இப்போ கட்டைப் பிரிப்போம்:

1. டிக்கெட்: டெல்லி வழியா போனா, திருப்பூர்–டெல்லி செலவையும் சேர்த்துக்குங்க.

2. கார்டு: பல கார்டுகள்ல ஃபாரக்ஸ் மார்க்கப் 3.5% வரை, அதுமேல ஜிஎஸ்டி. "ரூபாயா, டெங்கேவா?"ன்னு மெஷின் கேட்டா, அந்த ஊர்ப் பணமான டெங்கேவையே அழுத்துங்க.

3. இன்சூரன்ஸ்: கிளம்புறதுக்கு முன்னாடியே எடுங்க. பனிச்சறுக்கு விளையாட்டுக்கு கவர் இருக்கான்னு பாலிசியைப் படிங்க.

4. பாதுகாப்பு: பாஸ்போர்ட் நகல் வீட்டுல ஒண்ணு, போன்ல ஒண்ணு. அஸ்தானா இந்தியத் தூதரக நம்பரைக் குறிச்சு வெச்சுக்குங்க. ஆங்கிலம் எல்லா இடத்துலயும் உதவாது. ரஷ்ய மொழியை ஆஃப்லைன்ல டவுன்லோடு பண்ணிக்குங்க.

5. குளிர் உடை: உள்ள போடுற தெர்மல், ஹூடி எல்லாம் காதர்பேட்டையிலேயே தேடுங்க. நம்ம ஊர் சரக்கை அங்க போய் ஏன் டெங்கே கொடுத்து வாங்கணும்?